ஃபார்மட் போடுவதற்கு முன் ஒரு நிமிடம்

இந்த மாதத்தில் என் பழுதுபார்க்கும் மேசைக்கு இப்படி வந்த 5ஆவது மடிக்கணினி இது. கொண்டுவந்தவர், இங்கே யங்கோனில் ஞாயிறுதோறும் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர். 11 ஆண்டுகளாகத் தட்டச்சு செய்த பாடங்கள் அதில்தான் இருந்தன. அப்டேட் முடிந்த மறுநாள், திரையில் புள்ளிகள் சுற்றிச் சுற்றி அப்படியே நின்றுவிட்டனவாம். பக்கத்துக் கடையில் ஃபார்மட் போட்டு, அதாவது டிஸ்க்கை முழுதாக அழித்து, விண்டோஸை மறுபடி ஏற்றிக் கொடுத்திருக்கிறார்கள். "தம்பி, மெஷின் நன்றாகத்தான் ஓடுகிறது. பாடங்களைத்தான் காணோம்" என்றார். என்னால் மீட்க முடிந்தவை 38 கோப்புகள். அவற்றிலும் பாதி திறக்கவில்லை. இப்போது பழைய மாணவர்களின் நோட்டுகளை வாங்கிவந்து, முதல் பாடத்திலிருந்து மறுபடி தட்டிக்கொண்டிருக்கிறார்.

விண்டோஸ் தொடங்கவில்லை என்றால் கோப்புகள் போய்விட்டன என்று பொருளல்ல. வாசல் கதவு இறுகிக்கொண்டால் யாராவது வீட்டுச் சாமான்களைக் கொளுத்துவார்களா? தொடங்காத கணினியின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி இன்னொன்றில் மாட்டினால், பெரும்பாலும் எல்லாம் அப்படியே இருக்கும். கழற்றத் தெரியாவிட்டால், லினக்ஸ் (விண்டோஸ் போன்ற இன்னொரு இயங்குதளம்) ஏற்றிய பென் டிரைவில் தொடங்கி நகல் எடுக்கலாம். ஃபார்மட் போட்டு விண்டோஸை ஏற்றினாலோ, பழைய கோப்புகள் இருந்த இடத்தின் மேலேயே புதியவை எழுதப்படுகின்றன. எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) என்றால் மீட்க அநேகமாக ஒன்றும் மிஞ்சாது.

"வைரஸ்தான், வேறு வழியில்லை" என்று சொல்பவரை நம்பாதீர்கள். என் மேசைக்கு வரும் பழைய கணினிகளில் பலவற்றில் ஹார்ட் டிஸ்க் முன்பே தேய்ந்திருக்கிறது. அப்டேட் பல ஜிபி எழுதும்போதுதான் அது வெளியே தெரிகிறது. உள்ளே 'டிக் டிக்' என்று சத்தம் கேட்டால் உடனே அணைத்துவிடுங்கள். மறுபடி மறுபடி போட்டுப் பார்க்கவே பார்க்காதீர்கள்.

சத்தமில்லை, டிஸ்க் விளக்கு மட்டும் மினுக்குகிறதா? பொறுத்திருங்கள். 4 ஜிபி ரேம் உள்ள பழைய கணினிக்கு 2, 3 மணி நேரம்கூட ஆகும். வெகுநேரம் விளக்கு அசையவே இல்லையென்றால், யூஎஸ்பியில் செருகியவை எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை 10 வினாடி அழுத்தி அணையுங்கள். மறுபடி போட்டும் நின்றால், லோகோ தெரியும்போதே அணையுங்கள். 2, 3 முறை இப்படிச் செய்தால் பழுதுநீக்கத் திரை தானாக வரும். அதில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் என்று போய், கடைசியாக வந்த அப்டேட்டை நீக்குங்கள். எல்லாவற்றையும் அழித்துவிடும் 'ரிமூவ் எவ்ரிதிங்' பக்கம் கை போகவே கூடாது.

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. அதைச் சொல்லி, டிபிஎம் 2.0 (விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு வசதி) இல்லாத கணினிகளிலும் சில கடைக்காரர்கள் விண்டோஸ் 11ஐத் திணிக்கிறார்கள்; தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். மின்சாரம் முறைவைத்து வரும் நம் ஊரில், பேட்டரி செத்த கணினியில் அப்டேட்டை ஓடவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். பாதி எழுதியபோது மின்சாரம் போனால் நடப்பதைத்தான் வாரந்தோறும் பார்க்கிறேன்.

எந்தக் கடையில் கொடுத்தாலும், 'முதலில் கோப்புகளை நகல் எடுக்கவும், கேட்காமல் ஃபார்மட் போடக்கூடாது' என்று ஒரு தாளில் எழுதி, மூடியின் மேல் ஒட்டிக் கொடுங்கள்.