சிங்கோபேஷன்: தமிழில் எப்படிச் சொல்வது?

ஜாஸ் இசையைப் பற்றி யார் எழுதினாலும் சிங்கோபேஷன் என்ற சொல் வராமல் போகாது. வேர் கிரேக்கம். 'வெட்டிக் குறைத்தல்' என்ற பொருளுள்ள 'சிங்கோப்பே' லத்தீன் வழியாக ஐரோப்பிய மொழிகளுக்குப் போனது. மருத்துவர்கள் திடீர் மயக்கத்தை இன்றும் சிங்கோப் என்கிறார்கள். இலக்கணத்தில், ஒரு சொல்லின் நடுவே எழுத்து கெடுவதற்கும் அதே பெயர். 'உள்ளம்' 'உளம்' ஆவதை நாம் இடைக்குறை என்கிறோமே, அதுதான். 14ஆம் நூற்றாண்டு இசை நூல்களிலேயே இந்தச் சொல் வந்துவிட்டது. ஆகவே இது ஜாஸ் பெற்ற பிள்ளை இல்லை. மோசார்ட் 1773இல் எழுதிய 25ஆம் சிம்பொனி தொடங்குவதே சிங்கோபேஷனில்தான்.

சரி, இசையில் அது என்ன? வழக்கமாக அழுத்தம் விழும் இடத்தில் விழாமல், தட்டுக்குச் சற்று முன்போ பின்போ விழுவது. செய்து பார்த்தால் சட்டென்று புரியும். காலால் சீராக நான்கு தட்டுப் போட்டுக்கொண்டு, தட்டுக்கு இரண்டு எழுத்தாக 'தக திமி தக ஜொணு' சொல்லுங்கள். இப்போது முதல் 'த'விலும் 'திமி'யின் 'மி'யிலும் மட்டும் கைதட்டுங்கள். மூன்றாம் தட்டில் வர வேண்டிய ஓசை அரைத்தட்டு முந்தி வந்துவிடுகிறது. கால் மூன்றாம் தட்டுப் போடும்போது கை சும்மா இருக்கிறது. 1923இல் ஜேம்ஸ் பி. ஜான்சன் இசையமைத்த 'சார்ல்ஸ்டன்' பாட்டின் தாளம் இதுதான். அமெரிக்காவையே ஆட வைத்தது.

இதில் கால் தட்டுவதை நிறுத்திவிட்டால் வேடிக்கை போய்விடும். தட்டு நிலையாக இருந்தால்தான் அது மீறப்படுவது காதுக்குத் தெரியும். ஜாஸுக்கு முன்னோடியான ராக்டைம் பியானோ இசையில் இந்த வேலைப் பிரிவினையை அப்படியே கேட்கலாம். ஸ்காட் ஜோப்ளினின் 'மேப்பிள் லீஃப் ராக்' (1899) வாசிக்கும்போது இடக்கை பிசகாமல் தாளம் போடும், வலக்கை அழுத்தங்களை நகர்த்திக்கொண்டே போகும். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மேற்கு ஆப்பிரிக்க மக்களின் மேளமரபில் ஒரே நேரத்தில் பல தாள அமைப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடும். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் காங்கோ சதுக்கத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் அது ஒலித்தது. ஐரோப்பிய இசையில் எப்போதாவது தூவப்பட்ட ஒன்று ஜாஸில் அன்றாடப் பேச்சானதற்கு இந்த மரபே காரணம். பின்னர் கென்னி கிளார்க் போன்ற டிரம்மர்கள் சீரான தாளத்தை சிம்பல் என்ற உலோக வட்டுக்கு மாற்றிவிட்டு, பெரிய டிரம்மை எதிர்பாராத இடங்களில் அடித்தார்கள். அந்த அடிகளுக்கு 'குண்டு' என்றே பெயர் வந்தது.

எல்லோருக்கும் இது பிடிக்கவில்லை. 1921இல் ஓர் அமெரிக்க மகளிர் இதழ், சிங்கோபேஷன் என்ற சொல்லுக்குள்ளேயே பாவத்தைக் குறிக்கும் 'சின்' என்ற ஆங்கிலச் சொல் ஒலிப்பதை வைத்துச் சிலேடைத் தலைப்புப் போட்டு, ஜாஸ் ஒழுக்கத்தைக் கெடுப்பதாகக் கட்டுரை வெளியிட்டது!

அப்புறம், தமிழ்ச்சொல். 'தாளப் பிறழ்வு' எனக்குச் சம்மதமில்லை. பிறழ்வு என்றால் தவறு என்ற வாடை அடிக்கிறது. இங்கே தாளம் பிறழவே இல்லை. கர்நாடக இசையின் 'எடுப்பு' நெருங்கி வருகிறது. அரை இடம் தள்ளி எடுக்கும் கீர்த்தனைகள் நம்மிடம் ஏராளம். ஆனால் எடுப்பு பாட்டு தொடங்கும் இடத்தைத்தான் குறிக்கும். நடுவில் நகரும் ஒவ்வோர் அழுத்தத்துக்கும் பொருந்தாது. 'ஆஃப் பீட்' என்பதும் போதாது, அது இரண்டு தட்டுகளுக்கு இடைப்பட்ட இடத்தின் பெயர் மட்டுமே.

நான் 'அழுத்தப் பெயர்வு' என்று எழுதுவேன். நடப்பதை அப்படியே சொல்கிறது. வினையாகவும் வளைந்து கொடுக்கிறது: 'ஜாஸ் கலைஞர் லூயி ஆர்ம்ஸ்ட்ராங் இந்த வரியில் அழுத்தத்தைப் பெயர்த்து வாசிக்கிறார்' என்று தடையில்லாமல் எழுதலாம். பேச்சில் சிங்கோபேஷன் என்றே சொல்லிவிட்டுப் போங்கள், ஒன்றும் குறையாது.