ஸ்டென்ட் என்னும் தாங்குகுழல்

இதயத் தமனியில் கொழுப்புத் திட்டு படிந்து குறுகிப்போன இடத்தை விரித்து, அது மறுபடி சுருங்கிவிடாமல் உள்ளிருந்து முட்டுக்கொடுத்து நிற்கும் சிறிய உலோக வலைக்குழலுக்கு ஸ்டென்ட் என்று பெயர். நாளிதழ்களில் சில நேரம் ‘ஸ்டண்ட்’ என்று அச்சாகிவிடுகிறது. அது சினிமாச் சண்டைக் காட்சிக்கு உரிய வேறு சொல். பேச்சில் ‘ஸ்பிரிங் வெச்சிருக்கு’ என்பார்கள். சிலர் ‘வால்வு வெச்சிருக்கு’ என்றும் சொல்லிவிடுகிறார்கள். இது திருத்தப்பட வேண்டிய பிழை. வால்வு என்பது இதய அறைகளில் ரத்தம் பின்வாங்காமல் தடுக்கும் இதழ். அதன் நோய் வேறு, சிகிச்சை வேறு, சாப்பிட வேண்டிய மாத்திரைகளும் பெரும்பாலும் வேறு. புதிய மருத்துவரிடம் அவசரத்துக்குப் போகும்போது இந்த ஒரு சொல் மாறினால் அவருடைய கணக்கே மாறிவிடும்.

‘ஸ்டென்ட்’ ஒரு மனிதரின் பெயரிலிருந்து வந்தது. சார்லஸ் ஸ்டென்ட் (1807–1885) லண்டனில் தொழில் செய்த பல் மருத்துவர். பல்செட் செய்ய வாய்க்குள் அச்சு எடுக்க வேண்டும். அதற்கு அன்று கட்டாபெர்ச்சா என்ற மரப்பால் பிசினைப் பயன்படுத்தினார்கள். சூட்டில் நன்றாக இளகும், ஆனால் ஆறும்போது சுருங்கி அளவு மாறிவிடும். 1856இல் ஸ்டென்ட் அதில் ஸ்டியரின் என்ற கொழுப்பைச் சேர்த்துப் பக்குவத்தைச் சீராக்கினார். உருக்குலையாமல் நிற்க டால்க் மாவையும், நிறத்துக்குச் சிவப்புச் சாயத்தையும் கலந்தார். அந்தக் கலவைக்கே அவர் பெயர் நிலைத்தது.

முதல் உலகப் போரில் முகம் சிதைந்த வீரர்களுக்கு ஒட்டறுவை செய்த டச்சு மருத்துவர் யோஹன்னஸ் எஸ்ஸர், ஒட்டிய தோல் நகராமலும் சுருங்காமலும் இருக்க இந்தக் கலவையை அச்சாக வைத்துப் பிடித்தார். பல் அச்சு என்ற பழைய பொருள் தேய்ந்து, ‘திசுவை அதன் இடத்தில் பிடித்து வைப்பது’ என்ற புதிய பொருள் அங்கேதான் பிறக்கிறது. 1950களில் பித்தநாள அறுவையில், தைத்த இடம் மூடிக்கொள்ளாமல் உள்ளே வைத்த குழாயையும் அதே சொல்லால் குறித்தார்கள். ஸ்காட்லாந்து வழக்கில் இதே ஒலியுள்ள வினைச்சொல்லுக்கு ‘இழுத்து விரித்தல்’ என்று பொருள் இருப்பதைக் காட்டி வேறு வேர் சொல்பவர்களும் உண்டு. பல் மருத்துவர் வழியாக வரும் தடம் அறுபடாமல் இருப்பதால் அதையே ஏற்கலாம்.

ரத்தக்குழாய்க்குள் இந்த எண்ணத்தைக் கொண்டுபோனவர் அமெரிக்காவின் ஒரேகானில் பணியாற்றிய சார்லஸ் டாட்டர். 1969இல் நாய்களின் கால் தமனிக்குள் அவர் வைத்துப் பார்த்தது சுருள் கம்பி. அந்த வகையில் நம் ஊர் ‘ஸ்பிரிங்’ வரலாற்றுக்கு நெருக்கமான சொல்தான். 1977இல் சூரிச்சில் ஆண்ட்ரியாஸ் க்ரூன்ட்ஸிக் மனித இதயத் தமனியைப் பலூனால் விரித்துக் காட்டினார். ஆனால் பலூன் மட்டும் போதவில்லை. விரித்த உடனேயே தமனியின் உள்சுவர் கிழிந்து மடிந்து வழியை மூடிவிடுவதுண்டு. நன்றாக விரிந்தவர்களிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குச் சில மாதங்களில் அதே இடம் மீண்டும் குறுகியது. இதற்குத் தீர்வாகவே 1986இல் பிரான்சின் துலூஸில் ஜாக் புயெலும், சுவிட்சர்லாந்தின் லோசானில் உல்ரிச் சிக்வார்ட்டும் மனித இதயத் தமனியில் முதன்முதலில் ஸ்டென்ட் வைத்தார்கள்.

இன்று வைக்கப்படுவது பெரும்பாலும் கோபால்ட்-குரோமியக் கலப்பு உலோகத்தாலானது. விரிந்த நிலையில் விட்டம் பொதுவாக 2.25 முதல் 4 மில்லிமீட்டர், நீளம் 8 முதல் 48 மில்லிமீட்டர் வரை. மணிக்கட்டு அல்லது தொடைத் தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, சாயம் பாய்ச்சி எக்ஸ்ரே படம் எடுப்பது ஆஞ்சியோகிராம். படத்தில் கண்ட குறுகலைப் பலூனால் விரிப்பது ஆஞ்சியோபிளாஸ்டி. இரண்டையும் ‘ஆஞ்சியோ’ என்று சுருக்கிவிடுவதால், படம் மட்டும் எடுத்தவர்கூடத் தனக்குச் சிகிச்சை முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார். ஸ்டென்ட் பலூனின் மேல் சுருக்கிப் பொருத்தப்பட்டு உள்ளே போகிறது. குறுகிய இடத்தில் பலூனை 10 முதல் 16 வளிமண்டல அழுத்தத்துக்கு ஊதியதும் வலை விரிந்து சுவரில் பதிகிறது. பலூனைச் சுருக்கி வெளியே எடுத்துவிடுவார்கள். வலை அங்கேயே இருக்கும்.

‘பிளாக்கை எடுத்துட்டாங்க’ என்று வீட்டில் சொல்வதுண்டு. எதையும் எடுப்பதில்லை. கொழுப்புத் திட்டு சுவரோடு சுவராக அமுக்கப்படுகிறது, அவ்வளவுதான். இதற்குப் பொருத்தமான தமிழ்ச் சொல் எது என்ற கேள்வியும் இங்கேதான் தீர்கிறது. ‘அடைப்பு நீக்கி’ என்றால் நடக்காத ஒன்றைச் சொல்வதாகிவிடும். ‘வலைக்குழல்’ வடிவத்தை அழகாகக் காட்டுகிறது. ஆனால் சிறுநீரகக் கல்லுக்கு வைக்கும் டி.ஜே. ஸ்டென்ட் வலை அல்ல, வழவழப்பான நெகிழிக் குழல். அதற்கு இப்பெயர் பொருந்தாது. எல்லாவற்றுக்கும் பொதுவான வேலை, உட்புழை மூடாமல் தாங்கி நிற்பது. ஆகவே ‘தாங்குகுழல்’ என்பதே சரியான பொதுச்சொல். ஊதுகுழல் போல இதுவும் வினைத்தொகை, நடுவில் ஒற்று மிகாது. இதயத்துக்கு உரியதைத் தனியாகக் குறிக்க ‘தமனித் தாங்குகுழல்’ என்னலாம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் தமனி எனப்படுவது இலங்கைப் பாடநூல்களில் நாடி. அங்கே இதயத் தமனிக்கு முடியுருநாடி என்று பெயர். இதயத்தைக் கிரீடம்போலச் சுற்றி வருவதால் வந்த இலத்தீன் பெயரை அப்படியே தமிழாக்கிய நல்ல சொல்.

தாங்குவதுதான் இதன் வேலை என்று புரிந்தால் அடுத்தது தானாகப் புரியும்: நோய் குணமாகவில்லை. குழல் நிற்பது இரண்டு மூன்று சென்டிமீட்டரில். கெட்ட கொழுப்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம், புகை ஆகியவை தாக்குவது தமனி முழுவதையும். மாரடைப்பு பெரும்பாலும் ஒரு திட்டின் மேலோடு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைவதால் வருகிறது. வெடிக்கும் திட்டு முன்பு பாதி அளவுகூட அடைக்காததாக இருக்கலாம். அதனால்தான் எல்.டி.எல். எனப்படும் கெட்ட கொழுப்பை (ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில்) 70க்குக் கீழே, முடிந்தால் 55க்குக் கீழே வைக்கச் சொல்லி ஸ்டாட்டின் மாத்திரையைத் தொடர்ந்து கொடுக்கிறார்கள். ‘கொழுப்பு நார்மலாயிடுச்சு’ என்று அதை நிறுத்துவது தவறு. நார்மல் ஆனதே அந்த மாத்திரையால்தான்.

குழலிலேயே வரும் கோளாறு இருவகை. ஒன்று, உள்ளே திசு வளர்ந்து மெல்ல மீண்டும் குறுகுவது. திசு வளர்ச்சியைத் தடுக்கும் மருந்து பூசிய குழல்கள் 2000களில் புழக்கத்துக்கு வந்தபின் இது வெகுவாகக் குறைந்துவிட்டது. மற்றது, வலைக் கம்பிகள் மேல் திடீரென்று ரத்தம் உறைவது. இது அரிது, ஆனால் உயிருக்கு ஆபத்து. கம்பிகள் மேல் தமனியின் உள்தோல் படர்ந்து மூடும்வரை அவை ரத்தத்துக்கு அந்நியப் பொருள். அதற்காகத்தான் ஆஸ்பிரினோடு குளோபிடோகிரெல் அல்லது டிகாக்ரெலார் தருகிறார்கள்: மாரடைப்புக்குப்பின் வைத்திருந்தால் வழக்கமாக 12 மாதம், மாரடைப்பு இல்லாமல் வைத்திருந்தால் சுமார் 6 மாதம். ரத்தக் கசிவு ஆபத்து உள்ளவர்களுக்குக் கால அளவை மருத்துவர் குறைப்பார். அதன்பின்னும் ஒரு மாத்திரை பொதுவாகத் தொடரும். அட்டை தீர்ந்துவிட்டது, பல் பிடுங்க வேண்டும், வயிறு எரிகிறது என்று தாமாகவே நிறுத்துவதில்தான் பெரும் ஆபத்து இருக்கிறது. முதல் ஒரு மாதத்தில் ஒரு நாள்கூட விடக் கூடாது. வயிறு எரிந்தால் அதற்குத் தனி மாத்திரை உண்டு.

எல்லா அடைப்புக்கும் குழல் தேவையா? மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போது, கூடிய விரைவில் தமனியைத் திறப்பது உயிரைக் காக்கிறது. மருத்துவமனைக்குள் வந்த 90 நிமிடத்துக்குள் திறப்பது இலக்கு. நடந்தால் மட்டும் நெஞ்சு இறுகி, நின்றால் அடங்கும் நிலையான நோயில் கதை வேறு. அங்கே குழல் வலியைக் குறைக்கும். ஆனால் நல்ல மருந்துச் சிகிச்சையோடு ஒப்பிட்டால், மரணத்தையோ மாரடைப்பையோ அது பொதுவாகக் குறைக்கவில்லை என்று 2007இல் வெளியான கரேஜ் ஆய்வும் 2020இல் வெளியான இஸ்கீமியா ஆய்வும் காட்டின. இடது முதன்மைத் தமனியில் அடைப்பு, இதயத்தின் சுருங்கும் திறன் குறைவு போன்றவை இதற்கு விலக்கு. ஆகவே ‘எனக்கு இது அவசரமா, மருந்தில் பார்க்கலாமா, பைபாஸ் பொருந்துமா’ என்று கேட்பது நோயாளியின் உரிமை. விலையிலும் வரம்பு உண்டு. 2017 பிப்ரவரியில் இந்திய அரசு மருந்து பூசிய குழலுக்கு 29,600 ரூபாய், பூசாததற்கு 7,260 ரூபாய் என்று உச்சவிலை வைத்தது. பிறகு அவ்வப்போது திருத்தி வருகிறது. பில்லில் குழலின் விலை தனி வரியாக இருக்க வேண்டும்.

வீடு திரும்பும்போது தரும் அட்டையில் எந்தத் தமனி, எந்த நிறுவனத்தின் குழல், என்ன அளவு, வைத்த தேதி எல்லாம் இருக்கும். ‘3.0 × 28’ என்றால் விட்டம் 3, நீளம் 28 மில்லிமீட்டர். இந்த அட்டையைப் படம் எடுத்துக் கைபேசியில் வைத்துக்கொண்டு, வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குத் தாங்குகுழல் பொதுவாகத் தடையில்லை. ஆனால் ஸ்கேன் அறைக்குள் நுழையும்முன் அட்டையைக் காட்டிவிட வேண்டும். மார்பில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சுத்திணறல் இவை மீண்டும் வந்தால் வாயுத்தொல்லை என்று சோடா குடித்துக் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். ‘போன மாசம்தானே ஸ்டென்ட் வெச்சாங்க’ என்ற நினைப்பில் தாமதிக்க வேண்டாம். குழலில் ரத்தம் உறையும் ஆபத்து மிகுதியாக இருப்பது அந்தக் காலத்தில்தான்.