ஏர் ஃப்ளோ சென்சாரை மாற்றும் முன் அந்த ரப்பர் குழாயைப் பாருங்கள்

மறுபடியும் ஒரு பழைய பெட்ரோல் வண்டி. இஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சார் புத்தம் புதிது. ஆனாலும் இஞ்சின் லைட் எரிகிறது, ஐடிலில் உதறுகிறது, பிக்கப் இல்லை. வேறோர் இடத்தில் ஸ்கேன் செய்தபோது பி0171 என்ற பிழைக் குறியீடு, அதாவது கோடு (code), வந்ததாம், உடனே சென்சாரை மாற்றிவிட்டார்களாம். பானெட்டைத் திறந்து, சென்சாருக்கும், காற்றைத் திறந்து மூடும் த்ராட்டில் பாடிக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் குழாயைக் கையால் வளைத்துப் பார்த்தேன். மடிப்பின் அடிப்பக்கம், மேலிருந்து பார்த்தால் கண்ணில் படாத இடத்தில், விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு! இதே கதையோடு வரும் வண்டிகளைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

ஸ்கேனரில் வரும் கோடு எந்தப் பார்ட் கெட்டுப்போனது என்று சொல்வதில்லை. தயவுசெய்து இதை மனதில் வையுங்கள். பி0171 என்றால், கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு, என்னால் இதற்கு மேல் ஈடுகட்ட முடியவில்லை என்று இஞ்சினின் கம்ப்யூட்டரான ஈசியூ முறையிடுகிறது. காரணம் எது என்று அதற்குத் தெரியாது. பி0101 வந்தால்? அது ஏர் ஃப்ளோ சென்சாருக்கான கோடுதானே என்பார்கள். சென்சார் சொல்லும் அளவு த்ராட்டில் திறப்புக்கும் ஆர்பிஎம்முக்கும் ஒத்துவரவில்லை என்பதுதான் அதன் அர்த்தம். சென்சார் தன் வழியாகப் போகும் காற்றைத்தான் அளக்கும். அதைத் தாண்டியுள்ள வெடிப்பில் நுழையும் காற்று அதன் கணக்கிலேயே வராது. அப்போது சென்சார் சரியாக அளந்தாலும் கணக்கு உதைக்கும். பி0102, அதாவது சென்சார் சிக்னல் மிகக் குறைவு என்று வந்தால் முதலில் கனெக்டரையும் ஒயரையும் பாருங்கள். பழைய வண்டியில் கனெக்டர் பின்களில் (pin) பாசி பிடித்திருப்பதும், கிரவுண்ட் அரித்துப்போயிருப்பதும் சாதாரணம்.

கோடு படித்ததோடு ஸ்கேனரை மூடிவிடாதீர்கள். லைவ் டேட்டாவில் ஃப்யூல் ட்ரிம் இருக்கிறது, கலவையைச் சரிக்கட்ட ஈசியூ பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்கிறது என்ற கணக்கு அது. ஐடிலில் அது 20 சதவீதத்துக்கு மேல் ஏறி நின்று, 2500 ஆர்பிஎம்மில் பிடித்ததும் இறங்கிவிட்டால் பெரும்பாலும் காற்றுக் கசிவுதான். ஐடிலில் இஞ்சின் இழுக்கும் காற்றே கொஞ்சம், அதில் கசிவின் பங்கு பெரிதாகத் தெரியும். ஐடிலில் சுமாராக இருந்து, மேடு ஏறும்போது ட்ரிம் ஏறினால் சென்சாரில் அழுக்கு இருக்கலாம், ஃப்யூல் பம்போ ஃபில்டரோகூட காரணமாகலாம். இஞ்சின் நன்றாகச் சூடான பிறகு 2 லிட்டர் பெட்ரோல் இஞ்சின் ஐடிலில் நொடிக்குச் சுமார் 2 முதல் 4 கிராம் காற்று காட்ட வேண்டும். டீசலுக்கு இந்தக் கணக்கு வேறு, அதைப் போட்டு இங்கே குழப்ப வேண்டாம்.

"சென்சார் பிளக்கைக் கழற்றிவிட்டால் நன்றாக ஓடுகிறது, அப்போ சென்சார் போச்சு" என்று முடிவோடு வருகிறவர்களும் உண்டு. பிளக் இல்லாதபோது ஈசியூ ஓர் உத்தேசக் கணக்கில் பெட்ரோல் விடும். சந்தேகப்பட அது ஒரு துப்பு, அவ்வளவுதான். அப்படியே மாதக்கணக்கில் ஓட்டுகிறார்களே, அதுதான் தாங்க முடியவில்லை. கலவை ரிச்சாக, அதாவது பெட்ரோல் அதிகமாக ஓடி, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கெட்டால், செலவு சென்சாரோடு நிற்காது.

மாற்றுவதற்கு முன் ஒருமுறை சுத்தம் செய்து பாருங்கள். உள்ளே இருப்பது தலைமுடி போன்ற பிளாட்டினக் கம்பி, அல்லது மெல்லிய ஃபிலிம். இதற்கென்றே விற்கும் க்ளீனர் ஸ்ப்ரே மட்டும் அடியுங்கள். கார்ப் க்ளீனர், பிரேக் க்ளீனர் வேண்டவே வேண்டாம். பஞ்சு, பிரஷ், கம்ப்ரஸர் காற்று எதையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். முழுக்கக் காய்ந்த பிறகே பிளக்கை மாட்டுங்கள். எண்ணெய் தடவும் வகை ஏர் ஃபில்டர் போட்டிருந்தால் எண்ணெய் அளவைக் குறையுங்கள், அது கம்பியில்தான் போய் ஒட்டுகிறது. பாஷ் நிறுவனத்தின் பழைய ஹாட் ஒயர் வகைகளில் இஞ்சினை அணைத்தபின் கம்பி சுமார் 1000 டிகிரி செல்சியஸ் வரை ஒரு நொடி சூடாகி அழுக்கை எரித்துக்கொள்ளும். அந்த சர்க்யூட் வேலை செய்யாத வண்டியில் புது சென்சாரும் சீக்கிரம் அழுக்காகும். அதற்கும் முந்தைய, தகடு ஆடும் வகை என்றால், கறுப்பு மூடியை அறுத்து ஸ்பிரிங்கைத் திருகுகிற வேலை வேண்டாம். ஒருமுறை கலைந்தால் பழைய அளவுக்குக் கொண்டுவருவது கஷ்டம்.

எல்லாம் பார்த்தாச்சு, சென்சார்தான் கெட்டது என்றால் மாற்றுங்கள். பார்ட் நம்பர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். கனெக்டர் பொருந்துகிறது, வடிவம் ஒன்று என்பதெல்லாம் போதாது, உள்ளே அளவுக் கணக்கு வேறாக இருக்கும். இக்னிஷனை ஆஃப் செய்துவிட்டு, கனெக்டர் லாக்கைப் பொறுமையாக எடுங்கள், பழைய பிளாஸ்டிக் தொட்டாலே உடையும். அம்புக்குறி இஞ்சின் பக்கம் பார்க்கட்டும். ஓ ரிங் என்ற ரப்பர் வளையம் நசுங்காமல் உட்கார வேண்டும். ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் கிடக்கும் தூசியை முதலிலேயே துடைத்துவிடுங்கள். கடைசியில் கோடோடு சேர்த்து, ஈசியூ கற்றுவைத்திருக்கும் பழைய ட்ரிம்மையும் அழியுங்கள். இல்லையென்றால் கெட்ட சென்சாருக்காகப் போட்ட திருத்தத்தோடு நல்ல சென்சார் ஓடும், "புதுசும் சரியில்லை" என்று இன்னொன்று வாங்கப் போவீர்கள்.

சில நாள் ஓட்டிப் பார்த்து ட்ரிம் 5, 6 சதவீதத்துக்குள் நிற்கும் வரை பழைய சென்சாரைத் தூக்கிப் போடாதீர்கள். கடையில் வாங்கியது டூப்ளிகேட்டாக இருந்தால், ஒப்பிட்டுப் பார்க்க அது ஒன்றுதான் கையில் இருக்கும்.