சாயம் பூசும் முன்பே கெட்டுப்போகிற கப்பல்கள்

மரத்தில் மாதிரிக் கப்பல் செய்வதும், பிறர் செய்து பாதியில் விட்டதைச் சரிசெய்து தருவதும் என் தொழில். போன மாதம் ஒரு சின்ன பாய்மரக் கப்பல் பழுதுக்கு வந்தது. அதன் முன்பகுதியான அணியத்தில், கரும்பழுப்புச் சாயத்துக்கு நடுவே, வெளிறிப்போன ஒரு கட்டைவிரல் ரேகை. சுழியை எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு. செய்தவர் அதன்மேல் மூன்று முறை சாயம் ஏற்றிப் பார்த்திருக்கிறார். சுற்றியுள்ள மரம் மேலும் மேலும் கறுத்ததே தவிர, ரேகை அசையவில்லை.

நடந்தது இதுதான். சூப்பர் க்ளூ பட்ட விரலால் பலகையை அழுத்திப் பிடித்திருக்கிறார். பெயிண்ட் மேலே படிந்து மூடும். சாயம் மரத்தின் நுண்துளைக்குள் இறங்கி நிறம் கொடுக்கும். பசை துளையை அடைத்துவிட்டால் சாயம் இறங்க வழியில்லை. காய்ந்த பசை கண்ணுக்குத் தெரியாது, சாயம் பட்டவுடன் பளிச்சென்று தெரியும். ‘பலகை வேலை முன்னே பின்னே இருந்தாலும் கடைசியில் சாயத்தால் பூசி மெழுகிவிடலாம்’ என்பதுதான் முதல் கப்பல் செய்பவர்கள் எல்லோருக்கும் வருகிற நினைப்பு. எனக்கும் இருந்தது.

அதனால் சாயத்தைப் பற்றிய பேச்சைப் பலகையிலிருந்தே தொடங்க வேண்டும். கப்பலின் அடியில் நீளவாக்கில் ஓடும் கட்டையான ஏராவின் மேல், விலா எலும்புபோலக் குறுக்காக நிற்கும் வங்குச் சட்டங்களின் விளிம்புகளை, முன்னும் பின்னும் கப்பலின் வளைவுக்கு ஏற்பச் சரித்துத் தேய்க்காமல் பலகை ஒட்டத் தொடங்காதீர்கள். ஒரு பலகையைச் சும்மா வைத்துப் பாருங்கள். எல்லாச் சட்டத்திலும் முழு விளிம்பும் படிய வேண்டும். ஒரு முனையில் மட்டும் தொட்டால் இன்னும் தேய்க்க வேண்டும்.

அடுத்தது அகலக் கணக்கு. நடுச் சட்டத்தில் மேல்தளத்திலிருந்து ஏரா வரை ஒரு காகிதத் துண்டை வளைத்து அளந்தால் 60 மி.மீ. வருகிறது என்று வையுங்கள். 5 மி.மீ. பலகை என்றால் பன்னிரண்டு. அதே பன்னிரண்டும் அணியத்தில் 36 மி.மீட்டருக்குள் அடங்க வேண்டும். அப்படியானால் அங்கே ஒவ்வொன்றும் 3 மி.மீ.க்கு இழைக்கப்பட வேண்டும். பாதி அகலத்துக்கும் கீழே குறுக வேண்டிய நிலை வந்தால், இரண்டு பலகைகளை ஒன்றாக முடித்துவிடுவது நல்லது. இந்தக் கணக்கைப் போடாமல் முழு அகலத்திலேயே ஒட்டிக்கொண்டு போனால், அணியத்தில் பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், பின்புறத்தில் வாய் பிளக்கும். அப்புறம் பட்டி பார்க்க வேண்டியதுதான். பட்டியோ மரத்தைப் போலச் சாயம் குடிக்காது. மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்தாலும் கோடு கோடாகத் தனித்து நிற்கும். வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி ஒட்டுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் முடித்தால் கப்பலே முறுக்கிக்கொள்ளும்.

வளைப்பதற்கு வெந்நீரில் ஊறவைப்பது சரி. ஈரத்தோடு ஒட்டுவதுதான் தவறு. ஈரத்தில் பலகையின் அகலம் உப்பியிருக்கும், காய்ந்ததும் சுருங்கி இடைவெளி விடும். வளைத்துக் கவ்வி மாட்டி, ஓரிரவு காயவிட்டு, அதன்பிறகு பசை போடுங்கள். தெரியும் பலகைகளுக்கு நான் வெள்ளைப் பசைதான் பயன்படுத்துகிறேன். பிதுங்கியதை உடனே ஈரத்துணியால் துடைத்துவிடலாம். சூப்பர் க்ளூவை விட மனமில்லை என்றால் பலகையின் உட்பக்கம் மட்டும், அதுவும் சொட்டுச் சொட்டாக. பருத்தித் துணியாலோ பருத்திக் கையுறையாலோ அதைத் துடைக்காதீர்கள். பஞ்சில் பட்டால் அது கொதித்துப் புகைந்து தோலைச் சுட்டுவிடும்.

ஒட்டி முடித்து, 180, 220 எண் உப்புத்தாளால் தேய்த்த பிறகு, சாயத்துக்கு முன் ஒரு சோதனை: மினரல் டர்பன்டைனைத் துணியில் தொட்டு கப்பல் முழுவதும் துடையுங்கள். நனைந்த மரம் கருக்கும், பசை இருக்கும் இடம் வெளிறித் தெரியும். பென்சிலால் சுற்றி வையுங்கள். காய்ந்ததும் அங்கே சுரண்டுங்கள். பத்து நிமிட வேலை. நான் சரிசெய்கிற கப்பல்களில் பாதி இந்தப் பத்து நிமிடத்துக்கு அஞ்சியவைதான்.

பாஸ்வுட் போன்ற மென்மையான, வெளிர்நிற மரம் பசை இல்லாவிட்டாலும் திட்டுத் திட்டாகச் சாயம் குடிக்கும். ஸ்பிரிட்டில் நீர்க்கக் கரைத்த அரக்கை முதலில் ஒரு கை பூசினால் திட்டுகள் குறையும். நிறமும் சற்று வெளுக்கும், அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் முதல் கப்பலுக்குச் சாயமே வேண்டாம். கிரீனிச் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கும் 17, 18ஆம் நூற்றாண்டு மாதிரிகளில் பலவற்றில் நிறம் மரத்துடையதே, மேலே வார்னிஷ் மட்டும். கருநிறம் வேண்டுமா, வால்நட் கீற்றை வாங்கி ஒட்டிவிடுங்கள்.

பூசியே தீருவேன் என்றால், எண்ணெய்ச் சாயம் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது சூடாகிறது. சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற முடியாமல், நெருப்பே காட்டாமல் தானாகத் தீப்பிடிக்கும். துணியை வெளியே விரித்துக் காயவிடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் அமிழ்த்தி மூடுங்கள். தேய்க்கும்போது முகக்கவசம் அவசியம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே மரத்தூளை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்துவிட்டது. சின்னப் பொம்மை வேலைதானே என்று மூக்குக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

அந்தக் கட்டைவிரல் கப்பலுக்கு வருகிறேன். நீர்மட்டக் கோட்டுக்குக் கீழே இருந்த திட்டுகள் சுலபமாகத் தீர்ந்தன. பழைய பாய்மரக் கப்பல்களின் அடிப்பாகத்தில், புழு அரிக்காமலிருக்கக் கொழுப்பும் பிசினும் கந்தகமும் கலந்த வெண்பூச்சு பூசுவது உண்டு. நாமும் வெள்ளை பெயிண்ட் அடித்துவிட்டோம். ரேகை இருந்த இரண்டு பலகைகளை, சூப்பர் க்ளூவைக் கரைக்கும் அசிட்டோனைத் தொட்டுத் தொட்டுப் பிரித்தெடுத்து, புதிதாக இழைத்து வைத்தேன். மூன்று கை சாயம் குடித்த பழைய மரத்தின் நிறத்துக்கு அவற்றைக் கொண்டுவர ஒன்பது துண்டுகளில் ஒத்திகை பார்க்க வேண்டியிருந்தது. ஒவ்வொன்றின் பின்னாலும் எத்தனை கை, எத்தனை நிமிடம் என்று எழுதி, கப்பலோடு சேர்த்து அவரிடமே கொடுத்தனுப்பினேன்.