கம்பைலர் டைரக்டரியைக் காப்பி எடுக்காதீர்கள்

கம்பைலர் என்பது நிரலை ப்ராசசருக்கான கட்டளைகளாக மாற்றும் மென்பொருள். புது ப்ராசசருக்கு அதை எழுதும்போது பலர் பழைய டைரக்டரியை அப்படியே காப்பி எடுத்துக்கொள்கிறார்கள். அப்படிச் செய்த இன்னொரு டீம் போன வாரம் கோளாறோடு வந்தது. நிரலில் -2147483648ஐ -1ஆல் வகுக்கும் ஒரு வரி. விடை 32 பிட்டில் அடங்காது. ஏஆர்எம் என்ற ப்ராசசர் வகைக்கான கம்பைலர் எச்சரித்துவிட்டு வேலையை முடித்தது. ரிஸ்க்-வி என்ற இன்னொரு வகைக்காகக் காப்பி எடுத்த கம்பைலரோ அந்த வரியைத் தொட்டதுமே கிராஷ். மாறிலிகளை முன்கூட்டியே கணக்குப் போடும்போது அது அப்படியே வகுத்துப் பார்த்திருக்கிறது. கம்பைலர் ஓடிய கணினியின் எக்ஸ்86 ப்ராசசர், விடை அடங்காததால், அங்கேயே நிறுத்திவிட்டது. ஏஆர்எம் டைரக்டரியில் 2 வருஷத்துக்கு முன்பே சரிசெய்துவிட்டார்கள். ரிஸ்க்-வி டைரக்டரியில் அதே பெயரில் அதே கோப்பு, திருத்தம் மட்டும் இல்லை.

"தனித்தனியா இருந்தா ஒண்ணைத் தொட்டா இன்னொண்ணு உடையாது சார், அப்புறம் சேர்த்துக்கலாம்" என்கிறார்கள். அந்த அப்புறம் வந்து நான் பார்த்ததே இல்லை. ஆறு மாதத்தில் ஒருவர் மாறியின் பெயரை மாற்றுவார், இன்னொருவர் இன்டென்ட் (வரியின் முன் இடைவெளி) மாற்றுவார். பிறகு டிஃப் போட்டால் (இரண்டு கோப்புகளின் வித்தியாசத்தைப் பார்த்தால்) எது திருத்தம், எது அலங்காரம் என்று யாருக்கும் தெரியாது. ப்ராசசருக்கு ஒரு கிட் பிராஞ்ச் (பதிப்புகளைக் காக்கும் கிட் கருவியில் தனிக் கிளை) என்று வைத்துக்கொள்வதும் இதே கதைதான். உடையக்கூடாது என்றால் அதற்கு வழி டெஸ்ட், காப்பி அல்ல.

காப்பி இல்லாமல் எப்படிப் பிரிப்பது? ஜிசிசி என்ற கம்பைலரின் மூல நிரலைத் திறந்து பாருங்கள். ப்ராசசர் சமாச்சாரம் எல்லாம் 'கான்ஃபிக்' டைரக்டரிக்குள். அதில் எக்ஸ்86க்கான 'ஐ386' ஒன்றே 32 பிட், 64 பிட் இரண்டையும் பார்த்துக்கொள்கிறது. சி, சி++ இரண்டுக்கும் பொதுவானது 'சி-ஃபேமிலி'யில். ஃப்ரீ பாஸ்கல் என்ற பாஸ்கல் மொழிக் கம்பைலரில் 'ஐ386', 'எக்ஸ்86_64' தனித்தனி, இரண்டுக்கும் பொதுவானது 'எக்ஸ்86'இல்.

நிரல் ஓடும்போது தேவைப்படும் ரன்டைம் நூலகத்தைக் கம்பைலர் டைரக்டரிக்குள் திணிக்காதீர்கள். கம்பைலர் ஓடுவது உங்கள் கணினியில், நூலகம் ஓடுவது அந்த ப்ராசசர் உள்ள போர்டில். ஜிசிசியில் அப்படிப்பட்ட நூலகமான 'லிப்ஜிசிசி' வெளியே தனியாக இருப்பது அதனால்தான்.

பொதுப் பகுதி எந்த ப்ராசசரின் ஹெடரையும் (அறிவிப்புக் கோப்பையும்) நேரடியாக இழுக்கக்கூடாது. இன்ட் என்ற முழு எண் வகையின் அளவு வேண்டுமா, இடைமுகம் வழியாகக் கேட்கட்டும். பில்டை, அதாவது கம்பைலரைக் கட்டும் வேலையை, மூல நிரல் டைரக்டரிக்கு வெளியே ஓட்டுங்கள். டெஸ்ட் தொகுப்பு ஒன்றே இருக்கட்டும், எல்லா ப்ராசசருக்கும் ஓடட்டும்.

ஏற்கெனவே காப்பி எடுத்துவிட்டீர்களா? தயவுசெய்து இன்றைக்கே டிஃப் போட்டுப் பாருங்கள். இன்னும் ஒரு எழுத்துக்கூட மாறாத கோப்புகள் சில இருக்கும். முதலில் அவற்றைப் பொது டைரக்டரிக்கு நகர்த்துங்கள்.