முதுகில் எடுக்கும் நீர்

"காய்ச்சலுக்கு ரத்தம் எடுத்தாயிற்று. பிறகு எதற்கு முதுகில் ஊசி குத்தித் தண்ணீர் எடுக்கிறார்கள்? கால் விளங்காமல் போய்விடாதா?" ஏற்காட்டு வாசகர் ஒருவரின் கேள்வி.

மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கும் நீர் அது. மூளைக்காய்ச்சலோ என்ற சந்தேகம் வந்தால் அதைத்தான் பார்க்க வேண்டும். கால் விளங்காமல் போகாது. தண்டுவடம் இடுப்பின் முதல் இரண்டு எலும்புகளுக்கு அருகிலேயே முடிந்துவிடும். ஊசி இறங்குவது அதற்கும் கீழே. அஞ்ச வேண்டியது தலைக்குள் அழுத்தம் ஏறியிருப்பதற்குத்தான். சந்தேகம் இருந்தால் முதலில் ஸ்கேன் எடுப்பார்கள். எடுத்த நீரில் மைக்ரோலிட்டருக்கு 5 வெள்ளணுக்களுக்கு மேல் இருந்தால் உள்ளே ஏதோ நடக்கிறது. சர்க்கரையும் குறைந்திருந்தால் பெரும்பாலும் பாக்டீரியா அல்லது காசநோய். குறையாவிட்டால் பெரும்பாலும் வைரஸ். ஒப்பிட ரத்தச் சர்க்கரையும் அதே வேளையில் பார்க்க வேண்டும்.

எந்த வைரஸ்? ஜப்பானிய மூளைக்காய்ச்சல் 1955-லேயே வேலூர்ப் பக்கம் கண்டறியப்பட்டது. வலிப்பு வந்து ஆஸ்பத்திரி சேர்வதற்குள் அந்த வைரஸ் ரத்தத்திலிருந்து மறைந்திருக்கும். முதுகு நீரிலும், வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை பெரும்பாலும் அதைப் பிடிக்காது. அதனால் அதை எதிர்த்து உடல் செய்த ஐஜிஎம் என்னும் எதிர்ப்பொருளைத் தேடுகிறோம். ஐந்து கவைக்கோல்களை அடிமுனையில் சேர்த்துக் கட்டியது போன்ற உருவம்; எடை சுமார் 9 லட்சம் டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு), ரத்தத்தில் அதிகம் உள்ள எதிர்ப்பொருளான ஐஜிஜி-யைப்போல் ஆறு மடங்கு. மூளையின் நுண்குழாய்ச் சுவர்களில் செல்கள் இடைவெளியின்றித் தைத்ததுபோல் ஒட்டியிருப்பதால், இவ்வளவு பெரிய மூலக்கூறு ரத்தத்திலிருந்து கசிந்து வருவது அரிது. ஆக முதுகு நீரில் அது இருந்தால், மூளைப் பக்கம் குடியேறிய, எதிர்ப்பொருள் செய்யும் பி செல்கள் அங்கேயே செய்தது என்று பொருள். வைரஸைக் காணாமலேயே அது வந்த இடத்தைச் சொல்லிவிடலாம். எவ்வளவு அழகான சான்று!

பிசகுவதும் உண்டு. ஊசி ரத்தநாளத்தைக் கீறினால் ரத்தத்தின் ஐஜிஎம் கலந்துவிடும். முதல் மூன்று நான்கு நாட்களில் இல்லையென்று வரலாம். பத்தாம் நாளையொட்டி மறுபடி பார்க்க வேண்டும். டெங்கு வைரஸும் அதே குடும்பம் என்பதால் அதன் எதிர்ப்பொருளும் இந்தச் சோதனையில் 'உண்டு' என்று காட்டிவிடலாம். இரண்டையும் சேர்த்தே சோதிக்க வேண்டும். எதிர்ப்பொருளைத் தேடும் எலிசா சோதனைத் தட்டின் 96 குழிகளும் நிறையட்டும் என்று மாதிரிகள் காத்திருக்கக் கூடாது. பாதித் தட்டை ஓட்டவும் மாவட்ட ஆய்வகங்களுக்குப் பணம் தர வேண்டும்.

ஹெர்பிஸ் என்ற இன்னொரு வைரஸால் வரும் மூளைக்காய்ச்சலோ முடிவுக்குக் காத்திருக்க விடாது. நெற்றிப்பொட்டுப் பக்க மூளையை அது தாக்குவதால், காய்ச்சலோடு கூடவே சம்பந்தமில்லாத பேச்சு, வீட்டாரையே அடையாளம் தெரியாத விழிப்பு. 'காத்துக் கருப்பு' என்று மந்திரிக்கப் போகும் ஒவ்வொரு நாளும் மூளைத்திசு அழிகிறது. சந்தேகம் வந்ததுமே அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தை, உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம், எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றத் தொடங்குவார்கள். முதல் மூன்று நாளில் பிசிஆர் பொய்யாக 'இல்லை' எனலாம் என்பதால், அதை நம்பி மருந்தை நிறுத்திவிடக் கூடாது.

எடுத்த நீரில் வெள்ளணுக்கள் ஓரிரு மணி நேரத்திலேயே சிதையத் தொடங்கும். ஆகவே மலைமேல் நீரெடுத்து 20 கொண்டை ஊசி வளைவுகள் வழியே அனுப்புவதைவிட, நோயாளியையே சேலத்துக்கு இறக்கிவிடுவது நல்லது, ஒருக்களித்துப் படுக்க வைத்து.