கூட்டுறவுக் கூட்டாட்சியா? எந்தச் சொசைட்டியில்?

நேற்று மறுபடியும் ஒரு செய்தியில் ‘கூட்டுறவு கூட்டாட்சி’, அதாவது ஆங்கிலத்தின் ‘கோஆபரேட்டிவ் ஃபெடரலிசம்’. அண்டை மாநில அரசுகள் சேர்ந்து வேலை பார்ப்பதைப் பற்றிப் பேச்சு வந்தாலே இந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். நீலகிரியில் கூட்டுறவு என்றால் என்னவென்று யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்: பச்சைத் தேயிலை போடும் ஃபேக்டரி, உருளைக்கிழங்கு ஏலம் விடும் சங்கம், நகைக்கடன். கேரளமும் கர்நாடகமும் நாமும் எந்தச் சங்கத்தில் பங்கு வாங்கியிருக்கிறோம்?

‘கோஆபரேட்டிவ்’ என்பதன் மூலச்சொல் லத்தீன், உடன் உழைத்தல் என்பது பொருள். தமிழில் ஒத்து + உழைப்பு, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் சங்கத்துக்கும் சேர்ந்து உழைக்கும் தன்மைக்கும் ஒரே சொல்லாகப் போனதால் வந்த வினை இது, அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டிவிட்டார்கள். காந்தி 1920இல் தொடங்கியதை ஒத்துழையாமை இயக்கம் என்றுதானே படித்தோம்? கூட்டுறவின்மை இயக்கம் என்று யாராவது சொன்னதுண்டா?

‘உறவு’ நல்ல சொல்தானே என்று மல்லுக்கு நிற்பவர்களும் உண்டு. நல்ல சொல்தான், ஆனால் வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தையே அற்றுப்போன பங்காளிகளும் உறவுதான். உழைப்பு வேறு. கூடலூரிலிருந்து கக்கநல்லா தாண்டினால் கர்நாடகத்தின் பந்திப்பூர், இந்தப் பக்கம் பாட்டவயல் தாண்டினால் கேரளத்தின் வயநாடு. யானை எந்தச் செக்போஸ்ட்டிலும் நிற்பதில்லை. ஒரு மாநிலம் விரட்டினால் அடுத்த மாநிலத்துத் தோட்டத்தில் நிற்கும். அதனால்தான் 2024 மார்ச்சில் மூன்று மாநில வனத்துறைகளும் பந்திப்பூரில் கூடி, மனித–விலங்கு மோதலைச் சேர்ந்து சமாளிப்பது பற்றிப் பேசின, கேரளமும் கர்நாடகமும் ஒப்பந்தமும் போட்டன. இதில் உறவு எங்கே வந்தது? ஆளும் தகவலும் அனுப்பி உதவுகிற வேலை இது, அதாவது ஒத்துழைப்பு.

‘பிராந்திய ஒத்துழைப்பு’ என்று எழுதுபவர்கள் பாதிக் கிணறு தாண்டியவர்கள். பிராந்தியம் எதற்கு? மண்டலம் பழைய சொல், 1956 மாநிலங்கள் மறுசீரமைப்புச் சட்டப்படி வந்த அமைப்பைத் தென்மண்டலக் குழு என்பதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ‘மண்டல ஒத்துழைப்பு’ என்றால் அரசு பஸ் டெப்போ ஞாபகம் வருகிறது, ‘வட்டார’ என்றால் பி.டி.ஓ. ஆபீஸ். ‘அண்டை மாநில ஒத்துழைப்பு’ என்று எழுதிப் பாருங்கள், விளக்கமே வேண்டாம். கோட்பாட்டின் பெயராக வேண்டுமென்றால் ‘ஒத்துழைப்புக் கூட்டாட்சி’. அந்த ‘க்’கையாவது விடாமல் போடுங்கள் சாமி, ஒற்று என்ன பாவம் செய்தது?